கிளை நூலக வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நூலகருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆகஸ்ட் 12 அன்று நூலகர் தினம், நவம்பரில் நூலக வார விழா ஆகியவற்றின் விவரங்கள் குறிப்பேட்டில் உள்ளன. ஆண்டு முழுவதும் நம்மைப் பிடித்துவைத்திருந்த வேலை வேறு: ஊரில் அச்சான பழைய விழா மலர்களை மின்வடிவாக்குவது.

கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை போன்றவை பெரிய நூலகங்களில் கிடைப்பது அரிது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் ஒரு படியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். நம் விழாக் குழுக்கள் அதைக் கேள்விப்பட்டிருந்தால்தானே!

ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் மலரின் முதுகு பிளந்துவிடுகிறது. எனவே சன்னலோர மேசையில் விரித்துவைத்துக் கைபேசியால் படம் எடுத்தோம். எடுத்தவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள். மின்விசிறிக்குக் கீழுள்ள நாற்காலிக்காக அவர்களுக்கும் நாளிதழ் வாசிக்க வரும் பெரியவர்களுக்கும் நடந்துவந்த பூசலை அனைவரும் அறிவீர்கள்.

படம் எடுத்தால் மட்டும் போதாது. தேடினால் கிடைக்க வேண்டும். படத்திலுள்ள எழுத்துகளைத் தேடத்தக்க உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் இட்டபோது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அது தடுமாறியது. பிள்ளைகளுக்கும் அந்த வடிவங்கள் பழக்கமில்லை. அவற்றையே படித்து வளர்ந்த பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொல்ல, பிள்ளைகள் திருத்தித் தட்டச்சு செய்தார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் எத்தனை நூல்களை இப்படித் தட்டச்சு செய்து பிழைதிருத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாற்காலிப் பூசல் தீரவில்லை. ஆனால் இப்போது பெயர் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

பதிப்புரிமை குறித்துச் செயற்குழுவில் காரசாரமான பேச்சு எழுந்தது. “பழைய மலர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அல்லது அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகியிருக்க வேண்டும். இல்லையேல் குடும்பத்தாரிடம் எழுத்துப்பூர்வ இசைவு பெற வேண்டும். அதுவரை அத்தகைய கட்டுரைகளை இணையத்தில் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தோம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுவதற்குப் பயிற்சியும் அளித்தோம். நூலகத்தின் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்ததால் பயிற்சி பாதி நாட்கள் உறுப்பினர்களின் கைபேசி இணைப்பிலேயே நடந்தது. இதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நல்ல இணைப்பும் கூடுதல் மின்செருகிகளும் கேட்பது சலுகை கேட்பதாகாது. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டிய மனு தயாராக உள்ளது. கூட்டம் முடிந்ததும் கையொப்பமிடக் கேட்டுக்கொள்கிறேன்.

படமெடுத்து முடித்த மலர்கள் உரியவர்களுக்காக நூலகர் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்து இடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்