பின் வாங்கு

ஒஸ்லோ,
28.04.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் கொம்மாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று கொம்மாவின் போனுக்கு வரும் சிவப்பு இதயங்களைப் பார்த்து அறிந்துகொள்கிறேன். நேற்று இரண்டு வந்ததாம். என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்பதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

இங்கே பனி போய்விட்டது. குளிருக்கு ரோட்டில் போட்ட சல்லியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறார்கள். காருக்கு ரயர் இன்னும் மாற்றவில்லை. ஆணி இல்லாத ரயர்தானே, பொலிஸ் பிடிக்காது. மாற்றுவேன். நீ வேலைக்குச் சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் போடு. கோபன்ஹேகனில் பாதிப்பேர் போடுவதில்லை என்பாய். அவர்கள் என் பிள்ளைகள் இல்லை.

எழுத வந்தது எங்கள் நோர்வே ராஜாவைப் பற்றி.

ஹரால்ட் திரும்ப வேலைக்கு வந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். 87ஆவது பிறந்தநாளுக்கு மலேசியாவின் லங்காவிக்குப் போன மனிதர் அங்கேயே ஆஸ்பத்திரியில் படுத்து, தற்காலிகமாக ஒரு பேஸ்மேக்கர் வைத்து, விமானத்தில் கொண்டுவந்து, மார்ச்சில் இங்கே நிரந்தரமாக ஒன்று வைத்து, பிறகு மருத்துவ விடுப்பு. இப்போது வந்துவிட்டார். ஆனால் வயதை யோசித்து, இனிமேல் நிகழ்ச்சிகளை நிரந்தரமாகக் குறைத்துக்கொள்வார் என்று அரண்மனை சொல்லிவிட்டது. கவனி, குறைத்துக்கொள்வார். முடி துறக்கவில்லை. வாசித்தவுடன் உனக்கு அனுப்பப் போனை எடுத்தேன். "வென்றதுபோல் அனுப்பாதேயுங்கோ" என்றாள் கொம்மா. வைத்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு நீ சாப்பாட்டு மேசையில் சொன்னதை நான் மறக்கவில்லை. (மறக்காதவையும் இருக்கின்றன.) "அப்பா, டென்மார்க் ராணி மார்கிரேதாவே இறங்கிவிட்டா. நீங்கள் ஏன் இன்னும்?" அதற்கு நான், "நீ டென்மார்க்காரியாகிவிட்டாய்" என்றேன். புட்டு ஆறியது. திங்கட்கிழமைக் கப்பலுக்கு ரிக்கெற் எடுத்து வைத்திருந்தவள் ஞாயிறு பின்னேரமே விமானத்தில் போனாய். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியையும் ஒரு ராணியையும் ஒன்றாக வைத்துக் கதைத்தது நீதான், நான் இல்லை.

மார்கிரேதாவில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. ஜனவரி 14 அன்று கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை முன்னால் சனத்துக்குள் நின்று நீ அனுப்பிய படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். உன் மூக்கு சிவந்திருந்தது, தலையில் தொப்பியும் இல்லை. நாங்கள் இங்கே ரீவியில் பார்த்தோம். அந்த அம்மா கையெழுத்து வைத்தார், எழுந்தார், இவ்வளவு நாளும் தான் இருந்த கதிரையை மகனுக்கு விட்டார், கடவுள் ராஜாவைக் காக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். சரியாக 52 வருடம், நாள்கூடப் பிசகவில்லை. பிறகு மகன் பால்கனிக்கு வந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கொம்மா அதற்குத்தான் அழுதாள். நான் அழவில்லை, தேத்தண்ணி வைக்கப் போனேன்.

ஆனால் நீ ஒன்றை விட்டுவிட்டாய். அவரும் முன்பெல்லாம் சாகும்வரை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவர். முந்திய பெப்ரவரியில் முதுகில் சத்திரசிகிச்சை செய்தார்கள். படுத்திருந்த நேரம் யோசித்திருக்கிறார். புதுவருடத்துக்கு முதல்நாள் இரவு எல்லோரும் ரீவிக்கு முன்னால் இருக்கும்போது சொல்லிவிட்டார். அந்த நாட்டில் அப்படி ஒருவர் தானாக இறங்கியது 1146இல், அதற்குப் பிறகு இதுதான். 900 வருடம் ஒருவரும் செய்யாததைச் செய்தார் என்று நீ பெருமைப்படுகிறாய். 900 வருடம் ஏன் ஒருவரும் செய்யவில்லை என்று நான் கேட்கிறேன்.

ஹரால்டிடம் அதையே அப்போது கேட்டார்கள். அவர் சொன்னதன் சாரம்: நான் ஸ்டோர்திங்குக்கு, எங்கள் பாராளுமன்றத்துக்கு, சத்தியம் செய்தவன், அது உயிர் உள்ளவரைக்கும். இருவருக்கும் ஒரே இரத்தம்தானே, இவர் தாத்தாவும் அவர் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். ஒருவர் இறங்குகிறார், மற்றவர் இருக்கிறார். களைத்துவிட்டேன் என்று இறங்கலாம் என்றால், நாளைக்குப் பிடிக்கவில்லை, இறங்கு என்று சொல்வதற்கும் வழி திறக்கிறது. ராஜ பதவி என்பது அப்படி ஏறி இறங்கும் பஸ் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவரில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று உனக்குத் தெரியும். 2016இல் அரண்மனைத் தோட்டத்தில் பேசினாரே. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், போலந்து, சுவீடன், சோமாலியா, சிரியா என்று வந்தவர்களும் நோர்வேக்காரர்தான் என்றார். தன் தாத்தாவும் பாட்டியும்கூட 110 வருடத்துக்கு முன் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் இருந்து வந்தவர்கள் என்றார். நம் பெயர் அந்தப் பட்டியலில் இல்லைதான். மீன் ஃபக்டரியில் குளிர்ந்த கையோடு நின்ற எனக்கு அது நம்மையும் சேர்த்துச் சொன்னதாகவே கேட்டது.

அதற்கும் முன்னால், 1991 ஜனவரி. உனக்கு இரண்டு வயது. அவருடைய தகப்பன் ஓலாவ் இறந்த கிழமை. வடக்கே ஃபின்மார்க்கில் இருந்து நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இந்த நகரத்தில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. அரண்மனை முன்னால் பனியில் மெழுகுதிரிகள், ஆயிரக்கணக்கில். உன்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன். ஒரு கிழவி என்னிடம் ஒரு திரியைத் தந்தா. ஏன் என்று கேட்கவும் பாஷை தெரியாது. பனியைக் கையால் தோண்டி வைத்தேன். நீ அதை ஊதி அணைத்துவிட்டாய். அந்தக் கிழவி சிரித்துக்கொண்டு திரும்பவும் கொளுத்தினா. ஓலாவ் கடைசிவரை ராஜாவாகவே இருந்து போனவர். சாகும்வரை இருந்தவரைச் சனம் எப்படி வழியனுப்புகிறது என்று அன்றுதான் கண்டேன். அது மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது.

கொம்மா இதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஓலாவுக்கு ஏலாமல் போனபோது ஆர் பார்த்தது?" ஹரால்ட்தான். அவர் அப்போது முடிக்குரிய இளவரசர், ராஜாவுக்குப் பதில் இருந்து எல்லாம் செய்தவர். இப்போது ஹரால்டுக்கு ஏலாதபோது அவர் மகன் ஹோகோன். 2003இல் புற்றுநோய்க்கு வெட்டியபோதும் அவன்தான், பிறகு இதயத்தில் செய்தபோதும் அவன்தான். வெள்ளிக்கிழமை அமைச்சர்கள் அரண்மனைக்கு வருவார்கள், மகன் அந்தக் கதிரையில் இருப்பான், கையெழுத்து வைப்பான், நாடு நடக்கும். தகப்பன் சுகப்பட்டு வந்தால் எழுந்து இடம் விடுவான். இருபது வருடமாக இப்படி. வெளிநாட்டுக்கு ராஜா போனாலும் அதே ஒழுங்கு. சட்டத்திலேயே இருக்கிறது.

அதனால்தான் அவர் "உயிர் உள்ளவரை" என்று சொல்ல முடிகிறது, பிள்ளை. கதிரையில் இருக்க இன்னொருவனைப் பழக்கி வைத்திருக்கிறார். இதை நான் புதன்கிழமை இரவு படுக்கையில்தான் யோசித்தேன். வியாழக்கிழமை வந்தது கொப்பி.

பனைமரத்தின் பயன்கள், சொல்வதெழுதல், பதினாறு வரி. திருத்திக்கொண்டு போனேன். ஒரு பிள்ளையின் கொப்பியில் ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பெரிய சந்தோஷம். "மிக நன்று" போட்டேன். என்ன முன்னேற்றம் என்று பார்க்க முந்திய பக்கத்தைத் திருப்பினேன். பனைமரத்தின் பயன்கள். அதே பதினாறு வரி. அதில் ஏழு பிழை, ஏழையும் நானே சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். மேலே திகதி 13.04. மற்றதில் 20.04. அடுத்த கொப்பியை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். பதினொரு பிள்ளைகள். ஒன்றாவது "மாஸ்டர், இது போன கிழமை செய்தது" என்று சொல்லவில்லை. பேசாமல் எழுதியிருக்கிறார்கள், பாவங்கள்.

நீயும் மார்ச்சில் என்னை ஏற்ற வந்து வகுப்பு வாசலில் நின்றாய். அன்று என்ன கண்டாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை, மார்கிரேதாவைச் சொன்னாய்.

இன்னொன்றும் எழுதவேண்டும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேனோ தெரியாது. எத்தனை வருடமாக நான் எல்லோரிடமும் சொல்கிறேன், "விடத்தான் ஆசை, பொறுப்பெடுக்க ஒருவரும் முன்வருகிறார்கள் இல்லை" என்று. நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், உனக்கும் சொன்னேன். அது பொய். வந்தார்கள். அந்த உயரமான பெடியன் வந்தான், ஐந்தாம் வகுப்பை இரண்டு மாதம் வடிவாக நடத்தினான். பிள்ளைகளோடு நோர்வேஜிய மொழியில் பகிடி விடுகிறான் என்று பெற்றோருக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். அவன் நின்றுவிட்டான்.

அவனுக்கும் முந்தி நீ வந்தாய். உனக்குப் பத்தொன்பது வயது. பலகையில் "மனல்" என்று எழுதினாய். ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். நான் பின்னால் இருந்து எழுந்து வந்து உன் கையில் இருந்த சோக்கட்டியை வாங்கி, மூன்று சுழி "ண" போட்டு, "மாஸ்டரின் மகளே இப்படி எழுதினால்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வகுப்பை முடித்துவிட்டுத்தான் வந்தாய், காரில் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை சோதனை இருக்கிறது, இனி வர நேரமில்லை என்றாய். அந்த மாதம் உனக்குச் சோதனை ஒன்றும் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். கேட்கவில்லை. வகுப்பு திரும்ப என் கைக்கு வந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை இவ்வளவு நாளும் நான் கொம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஹரால்ட் மகனின் கையில் இருந்து பேனையைப் பறித்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

சரி. அந்தப் பெடியனுக்கு நேற்று போன் எடுத்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தான். மே 4 சனிக்கிழமை வந்து வகுப்பை எடுப்பாயா என்று கேட்டேன். "மாஸ்டர் சுகமில்லையா?" என்றான். சுகம்தான் என்றேன். "அப்ப நீங்களும் இருப்பீர்களா?" என்றான். பின் வாங்கில் இருப்பேன் என்றேன். கொஞ்ச நேரம் அவன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சரி என்றான். என்ன பாடம் என்று கேட்டான். பனைமரம் வேண்டாம் என்றேன், அவனுக்கு விளங்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருப்பேனா என்பது எனக்கே தெரியாது. கொம்மா பந்தயம் கட்டுகிறாள்.

நீ சொன்ன டொக்டரிடமும் போனேன். மணிக்கூடு ஒன்று வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் நன்றாக வந்தது, இலக்கங்களும் சரி. பெரிய முள்ளை எங்கே வைத்தேன் என்று எழுதமாட்டேன். ஜூனில் வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. திகதியைக் கலண்டரில் எழுதவில்லை, கொம்மா பார்ப்பாள். மேசை லாச்சியில், பழைய பாஸ்போட்டுகளுக்குக் கீழே இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

மே 17 இந்த முறை வெள்ளிக்கிழமை, திங்களும் பெந்தெகொஸ்தே லீவு, உனக்கு நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். அங்கே வெள்ளி லீவு இல்லைதான், ஒருநாள் எடுக்கலாமே. ராஜா பால்கனியில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்க நான் எப்படியும் போவேன். அத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடந்து போகும்வரை நிற்க அந்தக் காலுக்கு ஏலாது. நடுவில் உள்ளே போய் இருந்துவிட்டு வந்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். வந்தால் கொம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவாள். நான் டென்மார்க் என்ற சொல்லை எடுக்கமாட்டேன்.

தலைக்கவசம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துக் கொம்மாவுக்கு அனுப்பாதே. "ன", "ண" பிழை ஏதும் இருந்தால் சிவப்பால் திருத்தி எனக்கு அனுப்பு.