நொய்யல் கரையிலிருந்து டப்ளினுக்கு

திருப்பூர்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. தோட்டத்தில் காய் குறைவு என்று உன் அண்ணன் புலம்புகிறார். அவர் எந்த வருசம் புலம்பவில்லை?

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை அமல்படுத்த அயர்லாந்து 2025 செப்டம்பரில் 15 அமைப்புகளை நியமித்ததைக் கேலி செய்திருந்தாய். ஸ்பெயின்காரர்கள் ஆ கொருன்யா நகரில் அதற்கென்றே தனி முகமை வைத்திருப்பதுதான் சரி என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடும் மென்பொருளை, வங்கித் தொழில் தெரிந்தவன்தானே நோண்டிப் பார்க்க முடியும்? ஆனால் 15 பேர் என்றால் ‘அது பக்கத்து டேபிளுங்க’ என்று அனுப்பிவிடுவார்களோ என்கிற பயம் எனக்கும் உண்டு.

தப்புக்கு 3.5 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 7%, எது அதிகமோ அதுவரை அபராதம் என்று எழுதியிருந்தாய். தடை செய்த வேலைகளுக்குத்தான் அந்தத் தொகை, சரி. தாளில் எழுதிய தொகையைப் பார்த்து நாம் மயங்கலாமா? நம் நொய்யல் ஆற்றுக்கும்தான் 1974-லேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருந்தது. அப்படியும் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த காடெல்லாம் உப்புப் பூத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊருக்கு பஸ் ஏறியவர்கள் பட்டறைக்காரர்கள் இல்லை, கூலிக்காரர்கள். ஆரம்பத்திலேயே ஒருத்தன் வந்து தண்ணீரைப் பிடித்துப் பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

சின்னவள் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். கேமரா முன் பேசச் சொன்னார்கள், மறுநாளே ‘தேர்வாகவில்லை’ என்று மெயில். மனிதர் பார்த்தாரா மெஷின் பார்த்ததா என்று கேட்டாள், பதிலில்லை. உங்கள் சட்டத்தில் ஆள் எடுக்கும் மென்பொருள் அதிக ஆபத்துப் பட்டியலில் இருக்கிறதாமே! இங்கே 2025 நவம்பரில் செயற்கை நுண்ணறிவுக்கு வழிகாட்டு நெறிகள் வந்தன, தனிச் சட்டம் இல்லை. அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

அந்த 15 பேரில் ஒருத்தராவது உன் ஆபீஸ் பக்கம் வந்து, என்ன ஓடுகிறது என்று திறந்து காட்டச் சொன்னார்களா? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. அப்புறம், பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா? சந்தகை பிழிய அரிசி ஊற வைக்கட்டுமா என்று அம்மா இப்போதே கேட்கிறாள்.

உன்
மாப்ளை