இதய மருத்துவரை அழைக்கும் குறிப்பில் கேள்வி இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வார்டுகளில் செவிலியராக இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த என் அண்ணனுக்கு, அண்மையில் ஒருநாள் இரவு திடீரென்று வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கியது. நெஞ்சு வலி இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் தாமதிக்காமல் ஈசிஜி எடுத்தார். ஆனால் கேஸ் ஷீட்டில் "கார்டியாலஜி ஒப்பீனியன் தேவை" என்று ஒரே வரி எழுதி ஊழியரிடம் கொடுத்தனுப்பினார். ஈசிஜி தாளோ மடித்தபடி அவருடைய கோட்டுப் பையிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, "ஈசிஜி இணைத்து அனுப்பவும்" என்ற குறிப்போடு கேஸ் ஷீட் திரும்பி வந்தது. பிறகு முதுநிலை மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசியதும் பத்தே நிமிடத்தில் இதய மருத்துவர் வந்துவிட்டார். அண்ணன் பிழைத்தார்.

அந்தப் பயிற்சி மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. எப்படி அழைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஈசிஜியில் எஸ்.டி. உயர்வு (இதய ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம் என்று காட்டும் கோட்டு மாற்றம்) தெரிந்தால், அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டியால் திறக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் தரும் அவகாசம் ஏறத்தாழ 90 நிமிடம்தான். அதில் அறுபதைத் தாள் தின்றுவிடக் கூடாது.

அவசரமென்றால் தாளை நம்பாமல் தொலைபேசியில் பேச வேண்டும். யூனிட்டின் மூத்த மருத்துவருக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். வார்டு, நோயாளியின் வயது, தொல்லை தொடங்கிய நேரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, ஈசிஜியில் எந்த லீடுகளில் (பதிவுக் கோணங்களில்) மாற்றம், பழைய ஈசிஜியில் அது இருந்ததா, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா, அண்மையில் அறுவை நடந்ததா என்பவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிட வேண்டும். அறுவையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தால் புதுப் புண்ணில் ரத்தம் கசியலாம்.

அவசரமில்லாதவை காலையில் எழுத்திலேயே போகலாம். அங்கும் "ஒப்பீனியன்" என்ற சொல் மட்டும் போதாது. "ஆறு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர்; குடலிறக்க அறுவைக்காகக் குளோபிடோக்ரலை நிறுத்தலாமா?" என்று, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் அந்த மருந்தின் பெயரோடு கேட்டால்தான் விடை சொல்ல முடியும்.

காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கடைசி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் வந்து சேரும் நோயாளிகளைப் பார்த்தவள் என்பதால் கேட்கிறேன். ஓராண்டுப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களுக்கு முதல் வாரத்திலேயே இப்படி அழைத்துப் பேசும் பயிற்சியை அரை மணி நேரமாவது தர வேண்டும். அன்றிரவு பணியிலிருக்கும் இதய மருத்துவரின் எண்ணை ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் மேசைக்கு மேலே எழுதி வைக்க வேண்டும். பணி மாறும்போது அந்த எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பைச் செவிலியரிடம் கொடுத்தால் மனமுவந்து செய்வார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.