எல்லோருடைய ரெக்கார்டு நோட்டிலும் ஏன் 9.8?

கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர்களுக்கும், செய்முறைத் தேர்வுக்குப் புறத் தேர்வாளர்களாக வருபவர்களுக்கும்,

வணக்கம். இயற்பியல் படித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. மாணவர்கள் தங்களுக்குக் கிடைத்த ரீடிங்கை அப்படியே எழுத விடுங்கள். அப்படி எழுதியதற்காக மார்க்கைக் குறைக்காதீர்கள்.

முதலாமாண்டில் எனக்கு வந்த முதல் சோதனை கூட்டு ஊசல். துளைகள் போட்ட கம்பியை ஒவ்வொரு துளையாக மாட்டி, 20 அலைவுக்கு நேரம் பார்த்து, வரைபடம் போட்டு g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு 9.6 சொச்சம் வந்தது. "9.8 வரணும்மா, திரும்பப் பாரு" என்றார்கள். திரும்பப் பார்க்க நேரமில்லை. அடுத்த அணி ஊசலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சீனியர் அக்கா வழி சொல்லித் தந்தார். விடையில் 9.8 என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அட்டவணையில் நேரத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினேன். நோட்டில் உடனே கையெழுத்து கிடைத்தது. அந்த வருடம் கல்லூரியில் நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான். இப்போதும் அதை நினைத்தால் வலிக்கிறது.

அந்த ஊசல் 20 முறை ஆட முப்பது விநாடி சொச்சம் ஆகும். ஸ்டாப் வாட்ச்சை அழுத்தும் விரல் 0.2 விநாடி பிந்தினால் போதும், g-யின் மதிப்பு 0.1-க்கும் மேலே நகர்ந்துவிடும். அப்படியிருக்க, ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கும் 9.8 வந்தால், அந்த நாற்பது நோட்டுகளில் எத்தனை உண்மை என்று உங்களுக்கே தெரியும். சிலருக்கு 9.6, சிலருக்கு 9.9 என்று சிதறித்தான் வர வேண்டும்.

அப்புறம், அந்த 9.8-ஐ இன்னும் துல்லியமாகச் சொல்வதாகப் புத்தகத்தில் இருக்கும் 9.81 நம் ஊர் மதிப்பே இல்லை. பூமத்திய ரேகையில் g 9.780, துருவத்தில் 9.832. சென்னையில் சுமார் 9.783. ஊசலை நூறு முறை ஆடவிட்டு, பலமுறை பொறுமையாக அளந்து 9.78-க்குப் பக்கத்தில் வருகிற பிள்ளையைக்கூட நாம் 9.81-க்குத் திருத்தச் சொல்கிறோம். சரியாக அளந்தவளைத் தப்பாக எழுத வைக்கிறோம்.

1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். g குறைந்த இடத்தில் ஊசல் மெதுவாக ஆடும். அங்கே அது நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. பாரிஸ் கணக்குக்கு ஏற்றபடி அவர் எண்களை மாற்றிக்கொள்ளவில்லை, கண்டதைக் கண்டபடி எழுதினார். பூமி நடுவில் பருத்திருக்கிறது என்று நியூட்டன் வாதிட்டபோது அந்தப் பதிவும் சான்றாக நின்றது. சென்னையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இங்கிருந்த வான் ஆய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை அளந்து எழுதிய கட்டுரை, 1822-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. ஒரு பக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசல், லண்டனில் இருப்பதைவிடச் சென்னையில் சுமார் 3 மில்லிமீட்டர் குட்டை. முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னாலே போதும், ஊசலைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

மர அளவுகோலை வளைத்து யங் குணகம், அதாவது அதன் விறைப்பு, காணும் சோதனையிலும் இதே கதைதான். மரத்துக்கு மரம், இழையின் போக்குக்கு ஏற்ப அது மாறும். அதற்கும் ஒரு "சரியான விடை" வகுப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

என் வேலையில், எவ்வளவு தவறியிருக்கலாம் என்று சேர்த்து எழுதாத அளவீட்டை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன்: 'முடிவு' என்ற வரியில் விடைக்குப் பக்கத்தில் பிழை வரம்பையும் எழுதச் சொல்லுங்கள். புத்தகத்திலுள்ள மதிப்புக்கு எவ்வளவு நெருங்கியது என்பதற்குத் தரும் மார்க்கை, அந்த வரம்பை எப்படிக் கணித்தாய் என்பதற்குத் தாருங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். நான்கைந்து பேர் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி நிற்கும் ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதில், "உன் ரீடிங்கில் எதை நம்பலாம், எதை நம்ப முடியாது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

என் அண்ணன் மகள் இந்த வருடம் முதலாமாண்டு சேர்ந்திருக்கிறாள். போன வாரம் அவளுக்கு 9.67 வந்தது. "அத்தை, எந்த ரீடிங்கை மாத்தட்டும்?" என்று போனில் கேட்டாள். எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 9.67 ± 0.12 என்று நீல மையில் எழுதியிருக்கிறாள். அடுத்த ஆய்வக வகுப்பில் அந்த நோட்டு கையெழுத்துக்கு வரும்.

அன்புடன்,
ஒரு முன்னாள் இயற்பியல் மாணவி