ஓக்லஹோமாவிலிருந்து வந்த தம்பிக்கு, புயலுக்கு மூன்று நாள் முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, நான் எட்டு வருஷம் டொர்னாடோ பார்த்தவன். பாத்ரூமுக்குள் போய் மெத்தையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முடிந்தது" என்றாய். நான் பேசப் பேச நீ சிரித்துக்கொண்டே இருந்ததால் போனை வைத்துவிட்டேன். எழுதினால் குறுக்கே பேச மாட்டாய் அல்லவா, அதனால் எழுதுகிறேன். ஃபுளோரிடாவில் இந்த டாம்பா விரிகுடாப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். உன் பேரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்தப் பாத்ரூமைப் பேசுவோம்.

ஓக்லஹோமாவில் நீ கற்றது அங்கே சரி. டொர்னாடோவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் கட்டையும் தகரமும் செங்கல்லும்தான். அதனால் தரைத்தளத்துக்கு இறங்கு, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போ என்கிறார்கள். இங்கே உன் வீடு தரைத்தளம். விரிகுடாவிலிருந்து நான்கு தெரு. இங்கே வருவது கடல். ஜன்னல் இல்லாத தரைத்தள அறையில், கதவுக்கு வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்கும்போது உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பார். இங்கே எல்லாரும் சொல்லும் பழைய வாசகம் ஒன்று உண்டு: காற்றுக்கு ஒளிந்துகொள், தண்ணீருக்கு ஓடு. உனக்கு முதல் பாதி அத்துபடி. இரண்டாம் பாதிதான் பழகவில்லை.

2024 செப்டம்பர் 26 ராத்திரி, ஹெலீன் புயல் வந்தபோது நான் உன்னை மாதிரிதான் பேசினேன். புயலின் கண் எங்களிடமிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளி, கடலிலேயே போய், வடக்கே பெர்ரி ஊர்ப் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவில் காற்று ஒன்றும் பிரமாதமில்லை. மின்சாரம்கூட இருந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு மேல் ஷவர் தரைக்குழியில் களக் களக் என்று சத்தம். கடல் முதலில் வாசல் வழியாக வரவில்லை, சாக்கடை வழியாக வந்தது. அரை மணியில் முழங்கால். அன்றைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடல் வழக்கமான ஏற்ற மட்டத்துக்கு மேல் 6 அடிக்கும் அதிகமாக எழும்பியது. நாங்கள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்த் தப்பித்தோம். எங்கள் கவுண்டியிலேயே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வீட்டைவிட்டுப் போகாத சிலர் வீட்டுக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். அப்புறம்தான் அந்த வீட்டை விற்றுவிட்டு மேட்டுப் பக்கம் வந்தோம். அதற்கு முன் பல வருஷம் "நமக்கு ஒன்றும் ஆகாது" கட்சியில் நானும் உறுப்பினர்.

நீ கேட்ட இன்னொரு கேள்வி: "இது கேட்டகரி மூன்றா, நான்கா?" எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். மணிக்கு 111 மைல் என்றால் மூன்று, 130 என்றால் நான்கு, 157 என்றால் ஐந்து. எவ்வளவு கடல் ஏறும், எவ்வளவு மழை கொட்டும் என்பது அதில் கிடையாது. 2005-ல் கத்ரீனா லூசியானாவில் கரை தொட்டபோது மூன்றுதான். மிசிசிப்பிக் கரையில் 25 அடிக்கு மேல் கடலை ஏற்றியது. 2008-ல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஏறிய ஐக் வெறும் இரண்டு. பக்கத்திலிருந்த பொலிவார் தீபகற்பத்தில் வீடுகளைத் துடைத்துவிட்டுப் போனது. புயல் எவ்வளவு அகலம், எந்தக் கோணத்தில் வருகிறது, கடலடி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் சேர்ந்துதான் தண்ணீரைத் தீர்மானிக்கின்றன. நம் பக்கம் கடலடி வெகுதூரம் ஆழமில்லாமல் சரிந்து போகிறது. தள்ளிவரும் தண்ணீருக்குக் கீழே போக இடமில்லை. அதனால் மேலே ஏறுகிறது.

சரி, நீ சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். "எந்த ஊரில் ஆபத்து இல்லை?" என்றாய். இந்த நாட்டில் அப்படி ஒரு ஊர் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு ஊரும் எவ்வளவு நேரம் தருகிறது என்று பார். நான் ஒப்பிடுவது அதை வைத்துத்தான்.

கலிபோர்னியா நார்த்ரிட்ஜில் 1994 ஜனவரி 17 அதிகாலை 4.31-க்கு நிலம் குலுங்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கையே இல்லை. உன் ஓக்லஹோமாவில் டொர்னாடோ எச்சரிக்கைக்கும் அது வந்து சேர்வதற்கும் நடுவே கால் மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். 2013-ல் மூர் நகரில் 24 பேர் போனது அப்படித்தான். கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 2018 நவம்பரில் காலை ஆறரை மணி வாக்கில் எங்கோ பற்றிய தீ இரண்டு மணி நேரத்துக்குள் ஊருக்குள் வந்துவிட்டது. 85 பேர். டெக்சாஸில் 2021 பிப்ரவரி உறைபனி சொல்லிவிட்டுத்தான் வந்தது. வீடுகளும் மின் நிலையங்களும் அதற்குத் தயாராக இல்லை. ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. இடி இல்லை, சைரன் இல்லை. ஆனால் சராசரி வருஷக் கணக்கில் இந்த நாட்டில் மற்ற எந்த வானிலையையும்விட அதிகம் பேரைக் கொல்வது வெயில்தான்.

ஹரிகேன், அதாவது இந்தக் கடல் புயல் மட்டும் தேதி சொல்லிவிட்டு வருகிறது. புயல் ஒன்று உருவாகியிருக்கும் நாட்களில் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம் தகவல் தருகிறது. புயல் காற்று தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னால் 'வாட்ச்' (வரக்கூடும்), 36 மணி நேரம் முன்னால் 'வார்னிங்' (வரப்போகிறது). கால் மணியில் உயிர் பிழைக்கப் பழகிய உனக்கு மூன்று நாள் என்பது மூன்று மாதம் மாதிரி தெரிகிறது. அங்கேதான் மாட்டிக்கொள்வாய். கால் மணி நேரம் இருந்தால் மனிதன் ஓடுவான். மூன்று நாள் இருந்தால் பேரம் பேசுவான். காலையில் "மதியம் மேப் பார்த்துச் சொல்கிறேன்", மதியம் "ராத்திரி பார்க்கலாம்", மறுநாள் "கூம்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது போல".

புயல் மேப்பில் வரைந்து காட்டும் அந்தக் கூம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது புயலின் அகலம் இல்லை. புயலின் நடுப்புள்ளி எந்தெந்த வழியில் போகக்கூடும் என்பது மட்டும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு தடவை நடுப்புள்ளியே கூம்புக்கு வெளியே போகும்; அப்படித்தான் அதை வரைகிறார்கள். 2022-ல் அயன் வந்தபோது எல்லார் கண்ணும் டாம்பா மேல். அது வலது பக்கம் திரும்பிப் போய் தெற்கே காயோ கோஸ்டாவில் 150 மைல் காற்றோடு ஏறியது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 அடிக்கு மேல். நம் விரிகுடாவில் அன்றைக்குத் தண்ணீர் வற்றி, ஜனங்கள் சேற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

உன் மண்டலத்துக்கு வருவோம். நீ வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி "வெள்ள மண்டலம் எக்ஸ் என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் பயமில்லை" என்றாய். அது ஃபீமாவின், அதாவது மத்திய அரசின் பேரிடர் அமைப்பின், இன்சூரன்ஸ் வரைபடம். கவுண்டி காலி செய்யச் சொல்லும் மண்டலம் வேறு கணக்கு. அதில் நீ 'பி'. இரண்டிலும் எழுத்துகள் வருவதால் வருஷா வருஷம் யாராவது குழம்புகிறார்கள். இன்று காலை கவுண்டி ஏ, பி, சி மூன்றையும் காலி செய்யச் சொல்லிவிட்டது. நீ பார்க்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

வெள்ள இன்சூரன்ஸ் இப்போது வாங்கலாமா என்று கேட்டாய். காலம் கடந்துவிட்டது. அரசின் வெள்ளக் காப்பீட்டுக்குப் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. உன் வாடகைதாரர் பாலிசியில் வெள்ளம் சேராது. என் கதையையும் கேள்: எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி, பேர் வேண்டாம், ஹெலீனில் போனதெல்லாம் தண்ணீரால்தான் என்று கையை விரித்தது. பதின்மூன்று நாளில் மில்டன் வந்து கூரையைப் பிய்த்தபோது ஹரிகேன் டிடக்டிபிள் (முதலில் நாமே ஏற்க வேண்டிய பங்கு) 2 சதவீதம் என்றார்கள். சேதத்தில் 2 சதவீதம் என்று நினைத்தேன். வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமாம். 4,00,000 டாலர் வீட்டுக்கு முதல் 8,000 டாலர் நம் கையிலிருந்து. இதை அடுத்த ஜூனில் புயல் பருவம் தொடங்கும் முன் உட்கார்ந்து பேசுவோம். இப்போதைக்குப் போனை எடுத்து ஒவ்வோர் அறையையும் வீடியோ எடு. அலமாரிக் கதவுகளைத் திறந்து காட்டி எடு.

எங்கே போவது என்பதில் நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறேன். 2017-ல் இர்மாவுக்குப் பயந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பினோம். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணி நேரப் பயணம் பத்தொன்பது மணி நேரம் ஆனது. வழியில் பெட்ரோல் இல்லை. கடைசியில் இர்மாவின் மிச்சம் அட்லாண்டாவுக்கே வந்து எங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியது. இங்கே அதிகாரிகள் சொல்வது சரி: நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டாம், பத்து இருபது மைல் போதும். தண்ணீர் ஏறாத மேடு, 2002-க்குப் பிந்தைய கட்டட விதிப்படி கட்டிய வீடு. ஆண்ட்ரூ 1992-ல் ஹோம்ஸ்டெட்டைத் தரைமட்டம் ஆக்கிய பிறகு வந்த விதிகள் அவை. எங்கள் இப்போதைய வீடு அப்படிப்பட்டது. எந்த எழுத்து மண்டலத்திலும் இல்லை. உன்னிடமிருந்து ஒன்பது மைல்.

ஆகவே நீ இங்கே வருகிறாய். நான் உன்னைக் கேட்கவில்லை.

உன் மின்சாரக் காரை அந்தக் கட்டடத்தின் கீழே விட்டுவிட்டு வராதே. அயனிலும் ஹெலீனிலும் உப்புத் தண்ணீரில் நனைந்த பேட்டரிகள் சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடித்தன. முழுக்க சார்ஜ் போட்டு ஓட்டிக்கொண்டு வா. மருந்து தீர்ந்துபோகும் நிலை என்றால் இன்றே ஃபார்மசிக்குப் போ. அவசரநிலை அறிவித்த கவுண்டிகளில் 30 நாள் மருந்தை முன்கூட்டியே தர ஃபுளோரிடா சட்டம் இடம் கொடுக்கிறது. நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. ரொக்கம் கொஞ்சம் எடு. மின்சாரம் போனால் கார்டு வெறும் பிளாஸ்டிக். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், என்னிடம் ஒரு வாரத்துக்கு இருக்கிறது. ஜன்னலில் டேப் ஒட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதே. அது கண்ணாடியைக் காப்பாற்றாது, பெரிய பெரிய துண்டுகளாக விழ வைக்கும். ஃப்ரிட்ஜில் மாவு இருந்தால் எடுத்துக்கொண்டு வா, மின்சாரம் இருக்கும்போதே தோசை சுட்டு முடித்துவிடலாம்.

ஜெனரேட்டர் வாங்கப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். எங்களிடம் ஒன்று இருக்கிறது. அது வீட்டிலிருந்து 20 அடி தள்ளித்தான் ஓடும், மழை பெய்தாலும் கராஜுக்குள் வராது. 2020-ல் லாரா லூசியானாவைத் தாக்கியபோது கடல் ஏறிச் செத்தவர்களைவிட ஜெனரேட்டர் புகையில் செத்தவர்கள் அதிகம். புயல் போன பிறகு வரும் வாரம்தான் நீளமானது. செப்டம்பர் வெயில், ஏசி கிடையாது. இர்மாவுக்குப் பிறகு இதே ஃபுளோரிடாவின் ஹாலிவுட் ஹில்ஸ் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு பேர் போனது காற்றாலோ கடலாலோ இல்லை, வெக்கையால். உன் ஃபீனிக்ஸ் நண்பனிடம் கேட்டு வைத்துக்கொள், வெக்கையில் எப்படி நாளைத் தள்ளுவது என்று அவனுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் வந்துவிடு. காற்று 40 மைலைத் தொட்டால் ஸ்கைவே பாலத்தை மூடுவார்கள், மற்றப் பாலங்களையும் நம்ப முடியாது. பாலம் உன் வழியில் இல்லை என்றாலும், தெருவில் தண்ணீர் நின்றால் காரை இறக்காதே. ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தால் சின்னக் காரையே தள்ளிக்கொண்டு போகும்.

இன்னொன்று. மில்டன் அன்றைக்கு சியஸ்டா கீயில் கரையேறும் முன்பே, மாநிலத்தின் அந்தப் பக்கம், அட்லாண்டிக் கரையில் செயின்ட் லூசி கவுண்டியில் டொர்னாடோ விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஹரிகேன் டொர்னாடோக்களையும் கூட்டிக்கொண்டு வரும். எங்கள் போனில் அந்த எச்சரிக்கை அலறினால் என்ன செய்வது என்று இந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. போன தடவை உன் மாமா ஜன்னலைத் திறந்து பார்க்கப் போனார். இங்கே மேட்டில் தண்ணீர் வராது; நடுவில் ஜன்னல் இல்லாத பாத்ரூம் ஒன்று இருக்கிறது. அந்த நேரம் வந்தால் நீதான் எங்களுக்குத் தலைவன். மெத்தையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். தலையணை மட்டும் நீ கொண்டு வா, எங்கள் வீட்டில் கூடுதலாக இல்லை.

அன்புடன்,
அக்கா