கட்டணம் குறைவுதான், ஆனால்...

சாக்ரமென்டோ, கலிபோர்னியா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தைப் பார்த்து நெடுநேரம் மகிழ்ந்திருந்தேன். அப்படியே உன் அம்மாவின் முகம். இங்கே நாங்கள் நலம். அவருடைய மூட்டுவலியும் இப்போது பரவாயில்லை.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கிய பிறகு, உன் வகுப்பில் பாதியில் நின்றுவிடும் பெண்கள் குறைந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே எங்களுக்கு இல்லாதது அதுதான்.

நான் பகுதிநேரமாகக் கணிதம் கற்பிப்பது சமுதாயக் கல்லூரி ஒன்றில். இரண்டு ஆண்டுப் படிப்பு. முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம், இல்லையென்றால் நர்சிங், வெல்டிங் என்று வேலைக்குப் போகலாம். கலிபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. 1984 வரை கட்டணமே கிடையாது. இன்றும் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு ஒன்றுக்கு, 46 டாலர்தான். 2012க்குப் பிறகு ஏற்றவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு அதுவும் தள்ளுபடி. பிறகு என்ன குறை என்று கேட்பாய்.

குறை வாடகையில் இருக்கிறது மல்லிகா. என் வகுப்பில் ஒரு பையன் இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் வருகிறான். கணிதம் அவனுக்கு இயல்பாக வருகிறது. கரும்பலகையில் நான் முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். சில வாரங்களாகக் காரிலேயே தூங்குகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழை மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை அதிகபட்சமாகக் கிடைத்தாலும் ஆண்டுக்கு 7,395 டாலர். இந்த ஊரில் ஓர் அறைக்கு ஓராண்டு வாடகை கொடுக்கவே அது போதாது. சாப்பாடு, பெட்ரோல், புத்தகம் எல்லாம் அதற்கு மேல்.

அவன் நின்றுவிட்டால் இழப்பு அவனோடு முடிவதில்லை. கல்லூரிக்கு மாநில அரசு தரும் பணத்தில் பெரும்பகுதி மாணவர் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஏழை மாணவர்களுக்காகவும் படித்து முடிப்பவர்களுக்காகவும் ஒரு பங்கு தர 2018இல் விதியை மாற்றினார்கள், நல்லதுதான். ஆனாலும் தலைகள் குறைந்தால் பணம் குறைகிறது, அடுத்த பருவத்தில் வகுப்புகளை வெட்டுகிறார்கள். படிப்பை முடிக்க ஒரே ஒரு பாடம் பாக்கியிருக்கும் பெண்ணுக்கு அந்தப் பாடமே இல்லாமல் போகிறது. அவளும் நிற்கிறாள்.

பழைய வேரும் ஒன்று உண்டு. கல்லூரிகள் பெரிதும் நம்பியிருந்தது உள்ளூர்ச் சொத்து வரியை. 1978இல் மக்கள் வாக்களித்து அந்த வரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அதன் பிறகு கல்லூரிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பொருளாதாரம் சரியும்போது வேலை இழந்தவர்கள் புதுத் தொழில் கற்க எங்களிடம் வருவார்கள். அரசிடம் பணம் இல்லாத காலமும் அதுவே. 2008க்குப் பின் வந்த மந்தத்தில் வகுப்புகளை வெட்டியபோது நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்து லட்சம் மாணவர்கள் குறைந்தார்கள். அவர்களுக்குப் படிக்க மனம் இல்லாமல் போய்விடவில்லை, இடம்தான் இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆசிரியர்கள் நிலையும் இதனோடு சேர்ந்ததுதான். பகுதிநேரத்தாருக்கு ஒரு கல்லூரி மாவட்டத்தில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ், முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் வகுப்பு தரக் கூடாது என்பது சட்டம். அதனால் பலர் காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறார்கள். ஒரு மாணவன் ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து விசாரிக்க அவர்களுக்கு நேரம் எங்கே?

அடுத்த மாதம் எங்கள் கல்லூரி மாவட்டத்தை நிர்வகிக்கும் அறங்காவலர் குழு கூடுகிறது. யார் வேண்டுமானாலும் சில நிமிடம் பேசலாம். கட்டணத் தள்ளுபடியோடு மாணவர் கையில் மாதாமாதம் கொஞ்சம் பணமும் தர வேண்டும் என்று கேட்கப் போகிறேன். உன் மாணவிகள் அந்த 1,000 ரூபாயை எதற்குச் செலவழிக்கிறார்கள், வீட்டில் யார் கையில் போகிறது, எந்தத் தேதியில் வந்தால் உதவியாக இருக்கிறது என்று கேட்டு எழுதேன். கூட்டத்துக்கு முன்பே கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
வசந்தி