கால் வைக்கும்போதா, எடுக்கும்போதா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோசம். இங்கே தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விடவில்லை. மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி நிற்கிறது. அதைப் பேசினால் வெசனம்தான், விடு. உன் வண்டி விசயத்துக்கு வருகிறேன்.

திம்பம் மலைரோட்டில் இறங்கும்போது பின்னால் உறுமுகிறது, பட்டறையில் பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்களான கிரவுன், பினியன் இரண்டையும் மாற்றணும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. போன மாதம் எனக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

ஆனியில் மழை பிடித்ததில் நம் இட்டேரித் தடத்துக்குக் குறுக்கே ஓடும் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். சந்தைக்கு நேரமாகிறதே என்று ஜீப்பை அதிலேயே இறக்கி ஏற்றினேன், நாலைந்து தடவை. ஆடி பிறந்ததும் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு முனகல். ஆடிக்காற்று உனக்குத் தெரியாததா? பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்றுக்குத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதில் ஆக்சில் சத்தத்தை எங்கே கேட்பது? விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போதுதான் ஓட்டிப் பார்க்க முடிந்தது.

முதலில் டயரைச் சந்தேகப்பட்டேன். கோயம்புத்தூர் போகிற நால்வழிச் சாலையிலும், ஊருக்குள் ஜல்லி பெயர்ந்த ரோட்டிலும் ஓட்டினேன். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். இது மாறவில்லை. அப்புறம் ஆளில்லாத நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும், நியூட்ரலில் உருட்டியும் பார்த்தேன். கிரவுன் பல் தேய்ந்திருந்தால் கால் வைக்கும்போது ஒரு குரல், எடுக்கும்போது வேறு குரல் வரும். இஞ்சின் வண்டியை இழுக்கும்போது பல்லின் ஒரு முகத்தில் பாரம். வண்டி இஞ்சினைத் தள்ளும்போது மறு முகத்தில். என் முனகல் எதற்கும் அசரவில்லை. வேகத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

துப்புக் கொடுத்தது உன் அக்கா. மாசாணியம்மன் கோயிலுக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள், "சோத்தாங்கைப் பக்கம் திரும்பறப்பத்தான் ஜாஸ்தி அழுகுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். என் காதுக்கோ இத்தனை நாளும் அது என் சீட்டுக்கு நேர் பின்னால், வலது பக்கம்தான் கேட்டது! தகரமும் சேஸும் சத்தத்தை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுக்கும் போல.

வீட்டுக்கு வந்து முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வைத்து, கைபிரேக்கை விட்டுவிட்டு இடது பின்சக்கரத்தைச் சுற்றினேன். மறு கை ஸ்பிரிங் பட்டை மேல். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி விரலில் நறநறத்தது. வலது சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

கழற்றிப் பார்த்தால் சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கின் உருளைகளில் புள்ளிபுள்ளியாகத் துரு. ஆக்சிலை மூடியிருக்கிற ஹவுசிங்குக்குள் ஆயில் பால் தூக்கலாக ஊற்றின காப்பி நிறம். குற்றம் என்னுடையது. ஹவுசிங் மேலே காற்று போய்வரச் சின்னதாக ஒரு பிரீதர் இருக்குமே, அது சேறு அப்பி அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் சில்லென்ற தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுவிட வழியில்லாமல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. பேரிங், சீல், புதிதாக 90 நம்பர் ஆயில், பிரீதரைக் கழுவினது, இத்தோடு வேலை முடிந்தது. கிரவுனைத் தொடவே இல்லை.

சரி, உன் வண்டி. மலை இறங்கும்போது கியரில் காலை எடுத்துத்தான் வருவாய். அப்போது மட்டும் உறுமி, ஏறும்போது அடங்கினால் பட்டறைக்காரர் சொல்வதில் விசயம் இருக்கிறது. அப்போதும் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். ஆனால் அங்கே 27 கொண்டை ஊசி வளைவும் இருக்கிறதே! ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடுகிறதென்றால் என் மாதிரி பேரிங்காக இருக்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்து, நேராக ஓடும்போது நின்றுவிட்டால், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரன்சியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். கிளட்சை விடும்போது 'டொக்' என்றால் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ஷாப்டின் கிராஸ் இணைப்பு, அது சின்ன வேலை. நியூட்ரல் சோதனையை மட்டும் மலையில் செய்துவிடாதே, பண்ணாரிக்குக் கீழே வந்து சமதளத்தில் செய்.

என் வண்டியில் முனகல் போனதும் அதற்கடியில் ஒளிந்திருந்த ஸ்பிரிங் பட்டை புஷ்ஷின் கீச்சு கேட்க ஆரம்பித்திருக்கிறது. அது கிடக்கட்டும். பள்ளத்தில் இன்னும் தண்ணீர் வற்றவில்லை, சுற்று ரோட்டில்தான் போகிறேன். சாவியை எடுத்தாலே உன் அக்கா திரும்பிப் பார்க்கிறாள்.

ஓட்டிப் பார்த்து, கால் வைக்கும்போதா எடுக்கும்போதா, எந்தப் பக்க வளைவு என்று இரண்டு வரி எழுது. அதுவரை ஹவுசிங்கைத் திறக்க விடாதே.

அன்புடன்,
உன் மச்சான்